கல்லூரி அணிக்குக் கோச்சாகப் போகிறவர் கீழ்ப்பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்று நாங்கள் சொல்வது உயர்தரம் வரை வகுப்புள்ள பெரிய பாடசாலையை. அங்கே கூடைப்பந்தாட்டம் பழக்க வருபவர் பெரும்பாலும் அதே கல்லூரியின் பழைய மாணவர். வந்ததும் மூத்த அணியைக் கையில் எடுப்பார். அதுதான் முதல் பிழை. உயர்தர மாணவனிடம் உங்களுக்குக் கிடைப்பது ரியூசன் போக மிஞ்சிய மாலைகள். பரீட்சை முடிந்தால் ஆளே இல்லை. தரம் 7இல் பிடித்த பிள்ளை ஐந்தாறு வருடம் உங்களோடு இருக்கும். கிழமையில் நான்கு நாள் பயிற்சி என்றால் இரண்டு நாளை முழுதாகச் சின்னவர்களுக்கே ஒதுக்குங்கள்.

பந்தைத் தொடுமுன் அதிபரிடமிருந்து நியமனக் கடிதம் வாங்குங்கள். பயிற்சி நாட்கள், களஞ்சியத் திறப்பு யாரிடம், பந்துக்கும் பயணத்துக்கும் காசு கல்லூரியா பழைய மாணவர் சங்கமா என்பது அதில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சாக விட்டால் அதிபர் மாறும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பெண்கள் அணியென்றால் ஆசிரியை ஒருவர் மைதானத்தில் இல்லாமல் பயிற்சி வைக்காதீர்கள். சான்றிதழ் வகுப்புகளுக்கு முன்னமே விதிநூலைப் படித்து, வலய மட்டப் போட்டிகளில் புள்ளிப் பதிவு மேசையில் சில நாள் இருந்து பாருங்கள். விதி தெரியாத பயிற்றுநர் நடுவரோடு சண்டை பிடித்தே ஆட்டத்தைத் தொலைப்பார்.

அடுத்து அளவு நாடா. வளையத்தின் மேல்விளிம்பு நிலத்திலிருந்து 3.05 மீற்றர். பிள்ளைகள் தொங்கித் தொங்கி வளையம் முன்பக்கம் சரிந்திருக்கும். இரும்பு ஒட்டுபவரை அழைத்து நிமிர்த்தாமல் எறிதல் பழக்கினால் கை பிழையாகப் பழகிவிடும். கோடுகளையும் பாருங்கள். வளையத்தடியில் சரிவகக் கட்டம் கீறியிருந்தால் அது 2010க்கு முந்திய களம். இப்போதுள்ள கட்டம் 4.9 மீற்றர் அகலமும் 5.8 மீற்றர் நீளமும் கொண்ட செவ்வகம். வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு, வளையத்திலிருந்து 6.25 மீற்றரில் இருந்தது 6.75 மீற்றருக்குப் போய்விட்டது. பழைய கோட்டில் பழகிய பிள்ளையின் எறிதல் போட்டியில் அரை மீற்றர் கட்டையாகவே விழும். பெயின்ற் இல்லாவிட்டால் சுண்ணாம்பாவது போடுங்கள்.

சீமெந்துத் தரைக்கு றப்பர் பந்துதான். ஆண்களுக்கு 7ஆம் அளவு, பெண்களுக்கு 6, சின்னவர்களுக்கு 5. 1.8 மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் பந்தின் மேற்பக்கம் 1.2க்கும் 1.4க்கும் இடையில் எழ வேண்டும். வெயிலில் கிடந்த பந்து கூடுதலாகத் துள்ளும். நிழலில் வைத்த பிறகு சோதியுங்கள்.

இனி லேஅப்: ஓடிவந்து வளையத்தடியில் எழும்பிப் பலகையில் பட்டு விழப் போடுவது. இதில் அவசரப்படவே கூடாது. வலக்கைப் பிள்ளை வலது, இடது என்று காலெடுத்து, இடக்காலில் எழும்பி, வலது முழங்காலை உயர்த்த வேண்டும். பலர் வலக்காலிலேயே எழும்புவார்கள். ஓடிவந்து செய்யச் சொல்வதால்தான் இந்தப் பிழை வருகிறது: கால் சிந்திக்குமுன் பந்து கையில் வந்துவிடுகிறது. கடைசி அசைவிலிருந்து பின்னோக்கிப் பழக்குங்கள். முதல் கிழமை பந்தில்லாமல் வளையத்தடியில் இடக்காலால் ஒரே எழும்பல். பிறகு பந்தோடு அதே எழும்பல். அடுத்த கிழமை இரண்டு காலடி எடுத்து எழும்பல். அதற்குப் பிறகுதான் பந்தை ஒருமுறை நிலத்தில் துள்ளவைத்து, பிறகு அரைக் களத்திலிருந்து ஓட்டம். பந்து பலகையின் சின்னச் சதுரத்தின் மேல்மூலையில் மெதுவாகப் பட வேண்டும். சதுரம் அழிந்திருந்தால் 59க்கு 45 சதமமீற்றரில் கீறிவிடுங்கள். வலம் சரியான அன்றே இடக்கையைத் தொடங்குங்கள்; தள்ளிப்போட்டால் பிறகு வரவே வராது.

பெண்கள் அணிக்கு எங்கள் ஊரில் ஒரு பெரிய வாய்ப்பு உண்டு: வலைப்பந்தாட்டம் (நெற்போல்). வளைய உயரம் இரண்டிலும் ஒன்றே, வலைப்பந்தில் வளையம் சின்னது, பலகையும் இல்லை. அங்கிருந்து வரும் பிள்ளையின் எறிதல் வளைவை மாற்றாதீர்கள், அது பொன். ஆனால் அவளுக்குப் பந்தைத் துள்ளவைத்து ஓடும் பழக்கம் இல்லை. காவலில் மூன்றடி தள்ளி நிற்பாள், ஏனெனில் அங்கே 0.9 மீற்றர் இடைவெளி விதி. எதிராளியின் சட்டையைத் தொடும் தூரத்தில் நின்று காக்கும் பயிற்சியைத் தினமும் பத்து நிமிடம் கொடுத்தால் ஒரு தவணையில் மாறிவிடும்.

90 நிமிடப் பயிற்சியில் உடல் சூடாக்க 10, கால்வேலையும் லேஅப்பும் 20, எறிதல் 20, மூன்றுக்கு மூன்று 15, முழு ஆட்டம் 15. கடைசி 10 நிமிடம் தண்டனை எறிதல், அதாவது எதிரணியின் பிழைக்காக யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது. களைத்த உடம்போடுதான் போட்டியிலும் எறிய வேண்டியிருக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்த களத்தில் தூர எறிதலைக் குறைத்து, பலகையில் பட்டு விழும் எறிதலைக் கூட்டுங்கள். காற்றோடு மல்லுக்கட்டும் பிள்ளை மணிக்கட்டை விட்டுத் தோளால் தள்ளப் பழகிவிடும். மாரியில் களம் வழுக்கும். அந்த நாட்களில் மண்டபத்தில் விதியும் கால்வேலையும். கல்லூரி இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியும் மார்ச்சில் கல்லூரிகளுக்கிடையிலான கிரிக்கெற் பெருஞ்சமரும் வரும்போது பிள்ளைகள் குறைவார்கள். கோபிக்காமல், வந்தவர்களுக்குத் தனித்தனியாக எறிதல் திருத்துங்கள்.

போட்டி நாளில் எண்ணிக்கைதான் உங்கள் வேலை. ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது பவுலிலிருந்து (எதிராளியை இடித்தல், பிடித்தல் போன்ற பிழை) எதிரணிக்கு இரண்டு தண்டனை எறிதல். ஒரு வீரர் ஐந்து பவுல் செய்தால் வெளியே. ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசும் ரைம் அவுட் முதற் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. முதற் பாதியில் மிச்சம் பிடித்தது அடுத்ததற்கு வராது. பந்து கிடைத்த அணி எறிய வேண்டிய நேரத்தைக் காட்டும் 24 செக்கன் மணிக்கூடு உங்கள் களத்தில் இல்லாவிட்டாலும், பயிற்சியில் ஒருவரை உரக்க எண்ண வையுங்கள். இல்லையேல் மாகாண மட்டத்தில் மணிக்கூட்டைக் கண்டதும் பிள்ளைகள் பதறி எறிவார்கள்.

ஒரு கொப்பி வையுங்கள்: வரவு, தண்டனை எறிதலில் பத்துக்கு எத்தனை, காயம். உயர்தரப் பரீட்சை முடித்த மூத்தவர்களில் இருவரைச் சனிக்கிழமைகளில் கூப்பிட்டு, அந்தக் கொப்பியையும் விசிலையும் கொடுத்துச் சின்னவர்களின் ஆட்டத்தை நடத்த விடுங்கள். உங்களுக்கு உதவிப் பயிற்றுநர் அவர்களில்தான் கிடைப்பார்.