செஸ் புதிர் அமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

மும்பை மாட்டுங்காவில் செஸ் கற்கும் நம் பிள்ளைகள் சிலர் சொந்தமாகப் புதிர் போடுகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. போட்டதும் ஒன்றைச் சரிபாருங்கள்: வெள்ளைக்கு வழி ஒன்றுதானா? ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களுக்குள் இருந்தால் லிசெஸ் தளத்தின் அனாலிசிஸ் பலகையில் வையுங்கள். அங்குள்ள டேபிள்பேஸ், அதாவது சில காய்களே உள்ள நிலைகளுக்கு முன்பே கணக்கிட்டு வைத்த விடைத் தொகுப்பு, ஒவ்வொரு நகர்வும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று காட்டிவிடும். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போனிலேயே பார்த்துவிடலாம்.

பழகுவதற்கு செஸ் வீரர் ரிச்சர்ட் ரேட்டி 1921-ல் அமைத்த புதிரை வையுங்கள். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளையின் ஆட்டம். ராஜா ஜி7 போனால் மட்டுமே டிரா, மற்றதெல்லாம் தோல்வி. நாலே காயில் என்ன அழகு! உங்கள் புதிரில் முதல் நகர்வுக்கே இரண்டு வழி தெரிந்தால், புதுக் காய் சேர்க்காமல் முதலில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்துப் பாருங்கள்.