அமெரிக்க உள்நாட்டுப் போர்: எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்

1861 முதல் 1865 வரை, பிரிந்துபோன தென் மாநிலங்களும் பிரியாமல் நின்ற வடக்கும் மோதிய போர் இது. அதில் கெட்டிஸ்பர்க் சண்டையில் மூன்றே நாளில் 51,000 பேர் செத்துப்போனார்கள் என்று ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாரும் தப்பு என்று சொல்லவில்லை. பிறகு வேறு வேலையாக அந்தச் சண்டையின் கணக்குப் பட்டியலைப் புரட்டியபோதுதான் உறைத்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலச் சொல் 'கேஷுவல்டி'. நம் ஊர் ஆஸ்பத்திரியில் கேஷுவல்டி என்றால் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம். உள்ளே போனவரெல்லாம் செத்தவர் கிடையாது. போர்க் கணக்கிலும் அப்படித்தான். செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாரையும் கூட்டினால் வருவதுதான் அந்த 51,000. 1863 ஜூலை 1 முதல் 3 வரை களத்திலேயே உயிர்விட்டவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம். 'படைச்சேதம்' என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை. அன்டீட்டம் சண்டைக்கும் இதே கதைதான். 1862 செப்டம்பர் 17, ஒரே நாளில் சேதம் சுமார் 23,000. களத்தில் மாண்டவர்கள் நாலாயிரத்துக்குள்.

போர் முழுவதற்குமான சாவுக் கணக்கு தனி. 6,20,000 என்பது நெடுங்காலமாகப் புழங்கிய எண். மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து 2011இல் செய்த மறுமதிப்பீடு அதை ஏழரை லட்சம் அளவுக்கு உயர்த்தியது. எதைப் போட்டாலும் 'மதிப்பீடு' என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது துப்பாக்கி அல்ல, நோய். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் நிமோனியாவும் முகாம்களைச் சூறையாடின. பண்ணையை விட்டு வெளியே போகாத பையன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடியதும் தட்டம்மை புகுந்தது.

அப்புறம் பெயர்கள். இதில் தமிழுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. 1864 ஜூலை 22 அன்று அட்லாண்டாவில் 'ஆர்மி ஆஃப் தி டென்னசி'யும் 'ஆர்மி ஆஃப் டென்னசி'யும் மோதின. முதலாவது வடக்கின் படை. டென்னசி ஆற்றின் பெயரைக் கொண்டது. இரண்டாவது தெற்கின் படை. டென்னசி மாநிலத்தின் பெயரைக் கொண்டது. ஆங்கிலத்தில் வித்தியாசம் ஒரே ஒரு 'தி'. தமிழில் அதுவும் கிடையாது. இரண்டையும் 'டென்னசிப் படை' என்று எழுதினால், ஒரு படை தன்னோடு தானே சண்டை போட்ட மாதிரி ஆகிவிடும். டென்னசி ஆற்றுப் படை, டென்னசி மாநிலப் படை என்று பிரித்துவிடுவதே நல்லது. சண்டைகளுக்குப் பெயர் வைத்ததிலும் இதே பழக்கம். வடக்கத்தியர் பெரும்பாலும் ஓடையின் பெயரைச் சொல்வார்கள், தெற்கத்தியர் ஊரின் பெயரைச் சொல்வார்கள். புல் ரன்னும் மனாசஸும் ஒரே சண்டை. அன்டீட்டமும் ஷார்ப்ஸ்பர்க்கும் அப்படியே. பட்டியல் போடும்போது இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள்.

'ஃபெடரல்' என்றால் வடக்கு, 'கான்ஃபெடரேட்' என்றால் தெற்கு. அகராதியைப் பார்த்துக் கூட்டாட்சிப் படை, கூட்டமைப்புப் படை என்று எழுதினால் இரண்டாம் பத்தியிலேயே வாசகர் தொலைந்துபோவார். நான் வடக்கு, தெற்கு என்றே எழுதிவிடுகிறேன். தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸை 'டேவிஸ்' என்று சுருக்குங்கள். 'ஜெஃபர்சன்' என்று சுருக்கினால், எப்போதோ செத்துப்போன தாமஸ் ஜெஃபர்சன் நடுவில் எழுந்து வந்துவிடுவார்.

சரி, இதெல்லாம் பேனாவால் திருத்திவிடக்கூடியவை. காரணத்தில் செய்யும் தவறு கட்டுரையையே கவிழ்த்துவிடும். 'அடிமைகளை விடுவிக்க லிங்கன் படையெடுத்தார்' என்று ஒரு கட்சி. 'போருக்கும் அடிமை முறைக்கும் சம்பந்தமே இல்லை, மாநில உரிமைதான் விவகாரம்' என்று எதிர்க்கட்சி. இரண்டு பேருமே இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தெற்கு ஏன் பிரிந்தது என்பது ஒரு கேள்வி. வடக்கு ஏன் சண்டைக்கு வந்தது என்பது வேறு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் தேடி அலையவே வேண்டாம். பிரிந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. அந்த மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் சவானாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை என்ற வாதத்தையும் உரசிப் பாருங்கள். தப்பியோடும் அடிமையைப் பிடித்துத் திருப்பி அனுப்பவேண்டும் என்று 1850இல் மத்திய அரசு சட்டம் போட்டது. சில வட மாநிலங்கள் ஒத்துழைக்க மறுத்தன. மாநில உரிமை பேசுகிறவர்கள் அதைப் பாராட்டியிருக்க வேண்டுமே? முதலில் பிரிந்துபோன தென் கரோலினா அதையே பெரிய குற்றச்சாட்டாக எழுதி வைத்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் அத்தனை அழகானது அல்ல. 1861 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற லிங்கன், அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் தலையிட மாட்டேன் என்று அந்த மேடையிலேயே சொன்னார். ஏப்ரல் 12 அன்று தெற்குப் படை சார்லஸ்டன் துறைமுகத்தில் வடக்கின் கையில் இருந்த சம்டர் கோட்டையைச் சுட்டுத் தொடங்கிய போருக்கு அவர் ஆள் திரட்டியது, நாடு உடையக்கூடாது என்பதற்காக. மிசூரி, கென்டக்கி, மேரிலாந்து, டெலவர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் அவர் பக்கமே நின்றன. 'வடக்கு என்றால் சுதந்திரம்' என்று எழுதுமுன் இந்த நாலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நாட்டைக் காக்கத் தொடங்கிய போர் விடுதலைப் போராக எப்படி மாறியது? வழக்கமான கட்டுரை இங்கே ஒரு குதி குதித்து விடுதலைப் பிரகடனத்தில் லிங்கன் போட்ட கையெழுத்துக்குப் போய்விடும். நடுவில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1861 மே 23. வெர்ஜீனியாவில் பிரிவினைக்கு ஆதரவாக வாக்களித்த நாள். அன்று இரவு ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்சென்ட், ஷெப்பர்ட் மல்லரி என்ற மூன்று அடிமைகள் படகு ஏறி, வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்குத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார்கள். தெற்கின் பீரங்கி மேடை கட்ட அவர்களை வேலைக்கு ஓட்டியிருந்தார்கள். அடுத்து, வெள்ளைக்கொடியோடு ஓர் அதிகாரி வந்து அவர்களைத் திருப்பித் தரச் சொன்னார். சட்டப்படி தரத்தானே வேண்டும்? கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் போருக்கு முன் வக்கீல். நீங்கள் வேறு நாடு என்று அறிவித்துவிட்டீர்கள், பிறகு எங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு என்று மடக்கினார். எதிரியின் போர்த் தளவாடத்தைப் பறிமுதல் செய்வதுபோல இவர்களையும் வைத்துக்கொள்கிறேன் என்றார். மனிதர்களை மீண்டும் பொருளாகக் கணக்கு வைத்த வாதம்தான். ஆனால் கோட்டைக் கதவு திறந்துவிட்டது. சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஆகஸ்டில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அதைச் சட்டமாக்கியது.

கடலிலும் இதே கதை நடந்தது. கடற்போரை ஒரு வரியில் முடித்துவிடுவதும் ஒரு தவறுதான். தெற்குத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை அடைத்ததால் பஞ்சு ஏற்றுமதி நொறுங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன, இங்கே பம்பாயிலும் சென்னை மாகாணத்திலும் பருத்தி விலை எகிறியது. அந்த முற்றுகைக் கப்பல்களை நோக்கி 1862 மே 13 விடியுமுன் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற தெற்கின் நீராவிக் கப்பல் கிளம்பியது. பிளான்டர் என்றால் தோட்ட முதலாளி; பெயரைப் பாருங்கள். வெள்ளை அதிகாரிகள் கரையில் உறங்க, 23 வயது அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சுக்கானருகில் நின்றார். உள்ளே அவர் மனைவியும் பிள்ளைகளும். கோட்டைகளைக் கடக்கும்போது சரியான ஊதல் சைகைகளைக் கொடுத்தார்; சம்டர் கோட்டையும் போகவிட்டது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார்கள். பின்னாளில் ஸ்மால்ஸ் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஆனார்.

இவ்வளவும் நடந்த பிறகுதான், தெற்கின் பிடியில் உள்ள பகுதிகளின் அடிமைகள் இனி சுதந்திரர் என்று லிங்கன் அறிவித்த 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் வருகிறது. 'அன்றோடு அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது' என்று எழுதாதீர்கள். லிங்கன் பக்கம் நின்ற நான்கு மாநிலங்களுக்கு அது பொருந்தாது. கென்டக்கியிலும் டெலவரிலும் 1865 டிசம்பரில் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகே அது முடிந்தது. 'வெறும் காகிதம், ஒருவரையும் விடுவிக்கவில்லை' என்பதும் தப்பு. தென் கரோலினாவில் வடக்குப் படை பிடித்து வைத்திருந்த தீவுகளில் அன்றைக்கே மக்கள் சட்டப்படி விடுதலையானார்கள். கறுப்பர்களைப் படைவீரர்களாகச் சேர்க்கவும் அந்தக் காகிதமே வழி திறந்தது. தரைப்படையில் மட்டும் சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். கறுப்பு வீரர்களைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு அந்தச் சம்பளமே வேண்டாம் என்று தொடவில்லை. சம்பளத்தைச் சமமாக்கக் காங்கிரஸ் வழிக்கு வர 1864 ஜூன் ஆயிற்று.

களத்தைப் பற்றி ஒன்று. வடக்கின் தலைநகர் வாஷிங்டனுக்கும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கும் இடையில் உள்ள 160 கிலோமீட்டரிலேயே போர் நடந்து முடிந்ததுபோல எழுதுகிறோம். கெட்டிஸ்பர்க் முடிந்த மறுநாள், 1863 ஜூலை 4, மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த தெற்கின் அரண் நகரம் விக்ஸ்பர்க், வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்தது. மிசிசிப்பி ஆறு வடக்கின் கைக்குள் வந்து, தெற்கு இரண்டாகப் பிளந்தது. எனக்குக் கெட்டிஸ்பர்க்கைவிட இதுவே பெரிய அடியாகத் தெரிகிறது. 1864 இறுதியில் வடக்கின் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவிலிருந்து சவானா வரை நடத்திய அணிவகுப்பில் குறி, எதிர்ப்படையைவிட அதற்குச் சோறு போட்ட ஊர்கள்தான். தண்டவாளத்தைப் பெயர்த்து, சிலீப்பர் கட்டைகளை அடுக்கி எரித்து, பழுக்கக் காய்ந்த இரும்பை மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டுப் போனார்கள். ஷெர்மன் நெக்டை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

முடிந்த தேதியிலும் சறுக்கல் உண்டு. 1865 ஏப்ரல் 9 அன்று வெர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ ஒப்படைத்தது தன் படையை மட்டும்தான். தெற்கின் இன்னொரு தளபதி ஜான்ஸ்டனின் படை ஏப்ரல் 26 வரை நின்றது. தெற்குக்காகச் சண்டையிட்ட செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த தளபதி ஸ்டாண்ட் வேட்டி ஜூன் 23 அன்றுதான் பணிந்தார். அந்த வாரம் 'ஷெனண்டோவா' என்ற தெற்கின் கப்பல், உலகத்தின் மறுகோடியில் பெரிங் கடலில், வடக்கின் திமிங்கல வேட்டைக் கப்பல்களைப் பிடித்து எரித்துக்கொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று எதிரே வந்த ஒரு பிரிட்டிஷ் கப்பல் அதற்கு உறுதியாகச் சொன்னபோது ஆகஸ்ட் ஆகியிருந்தது. நேரே இங்கிலாந்துக்கு ஓடி, நவம்பர் 6 அன்று லிவர்பூலில் கொடியை இறக்கியது.