காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் சென்னையில் தெருவுக்கு நாலு வீட்டில் காய்ச்சல் வந்துவிடும். மெடிக்கல் ஷாப்புக்கு யாராவது கிளம்பும் முன்பே அடுப்பில் சுக்கும் மிளகும் துளசியும் கொதிக்க ஆரம்பித்திருக்கும். மாடித் தொட்டியில் கற்பூரவல்லி இருந்தால் அதில் நாலு இலையும் உள்ளே போகும். இதில் எந்தத் தவறும் இல்லை. பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்களுக்கென்று தனி மருந்து கிடையாது. உடம்பு தானாக வைரஸை விரட்டும்வரை ஓய்வு, நிறைய நீராகாரம், காய்ச்சல் தணிய பாராசிட்டமால் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். சூடான மிளகு ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும். சோற்றைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் நோயாளியின் வயிற்றுக்குள் அந்த ரசம் உப்பையும் தண்ணீரையும் கொண்டு சேர்க்கிறது. காய்ச்சல் நேரத்தில் அதுவே பெரிய உதவி.

சமையலில் போடும் அளவில் வாய்வழியாகச் சாப்பிடும்வரை இந்தப் பொருட்கள் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் செய்வதில்லை. மூக்கில் விடும்போதும், கண்ணில் பிழியும்போதும், கைக்குழந்தைக்குப் புகட்டும்போதும்தான் வினை வருகிறது. எல்லாவற்றையும்விட, "இன்னும் ரெண்டு நாள் கஷாயம் குடிச்சுப் பார்ப்போம்" என்று நாளைக் கடத்துவது ஆபத்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவது

டெங்குவில் காய்ச்சல் பொதுவாக 3 முதல் 7 நாட்களில் இறங்கும். உடம்பு சில்லென்று ஆனதும், "நிலவேம்பு வேலை செய்துவிட்டது" என்று வீடே மூச்சுவிடும். ஆனால் டெங்கு முற்றுகிறவர்களுக்கு ஆபத்தான கட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசியலாம். ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் சரிந்து, கைகால் ஜில்லிட்டுப் போகும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, கறுத்த மலம், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டு பிடிப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தெர்மாமீட்டர் 98 டிகிரி காட்டுகிறதே என்று யோசித்துக்கொண்டு உட்காரக் கூடாது.

பப்பாளி இலைச் சாறு பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெங்கு என்றதும் எல்லார் கவனமும் தட்டணுக்கள் மேல் போய்விடுகிறது. சாறு குடித்தவர்களுக்குத் தட்டணுக்கள் சற்று சீக்கிரம் ஏறியதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் அந்தக் கட்டம் கடந்ததும் சாறு குடிக்காதவர்களுக்கும் அவை தானாக ஏறும். உயிருக்கு உலை வைப்பது நீர்க்கசிவு. அதைச் சாறு தடுக்கிறது என்று காட்ட நம்பகமான சான்று இல்லை. டாக்டர்கள் தட்டணுக்களோடு, ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் ஹெமட்டோகிரிட் அளவையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் கசிவைக் கண்டுபிடிக்கத்தான். எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. பச்சை இலைச் சாறு கடும் கசப்பு, பலருக்குக் குமட்டும். அதைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் இருக்கிற நீர்ச்சத்தும் போகும். வாந்தி சாற்றால் வந்ததா, டெங்கு முற்றியதால் வந்ததா என்பதும் புரியாமல் போகும்.

நிலவேம்புக் குடிநீரை 2012 டெங்குக் காலத்திலிருந்து தமிழக அரசே மக்களுக்குக் கொடுத்துவருகிறது. அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் என ஒன்பது சரக்குகள் சேரும். கடையில் வெறும் நிலவேம்புப் பொடியை வாங்கி அதையே நிலவேம்புக் குடிநீர் என்று நினைத்துக் காய்ச்சுபவர்கள் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். காலையில் காய்ச்சியதை ஃபிளாஸ்க்கில் வைத்து ராத்திரிவரை குடிப்பதும் சரியில்லை, காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்கோ பிபிக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். அப்புறம், இதைக் குடித்தால் டெங்குவே வராது என்று நம்பி மொட்டை மாடி டிரம்மை மூடாமல் விடாதீர்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

உடம்பு வலிக்கிறதே என்று கஷாயத்தோடு ஒரு வலி மாத்திரையும் சேர்த்து வாங்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும் போதும், அதையும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போடக் கூடாது.

ஆவி, தைலம், கற்பூரம்

ஆவி பிடித்தால் மூக்கு விடுவதுபோல் இருக்கும், அந்த நிம்மதி நிஜம். ஆனால் ஆவி வைரஸைக் கொல்வதில்லை. சளி சீக்கிரம் குணமாகும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. கொரோனா சமயத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவர்கள் எச்சரிக்கையாகச் செய்தால் பரவாயில்லை. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கொதிக்கிற பாத்திரம் மடியில் சாய ஒரு நொடி போதும். சளியோ ஒரு வாரத்தில் போய்விடும், வெந்த தழும்பு போகாது. மூக்கடைத்த குழந்தைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தே போதும்.

கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது பல வீடுகளில் தலைமுறை வழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சின்னக் குழந்தைக்கு அது வலிப்பை வரவழைக்கலாம், வாய்க்குள் போனால் கொஞ்சமே ஆனாலும் விஷம். யூகலிப்டஸ் தைலமும் அப்படியே. சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டுக் கொடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் எதையும் மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது.

குளிப்பாட்டிய பிறகு சளி வெளியேறட்டும் என்று மூக்கில் எண்ணெய் விடுவது இதைவிட மோசம். அந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்குகிறது. இருமலாலோ சளியாலோ அதை எளிதில் வெளியே தள்ள முடியாது. பாட்டி பாசத்தோடு செய்வதுதான். பாட்டியிடம் சண்டை போடாமல், இந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு வயதுக்குள் தேன்

இருமலுக்குத் தேன் நல்லது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் முதல் ஒரு டீஸ்பூன் தேன் கொடுத்தால் ராத்திரி இருமல் குறைகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பல இருமல் சிரப்புகளைவிடத் தேன் மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை விடும், தசைகள் தளர்ந்து மூச்சே சிரமமாகும். தேனைச் சூடு பண்ணினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சேனை வைப்பதற்கும் இது பொருந்தும்.

வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் எதையும் முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கண்ணில் எதையும் பிழியாதீர்கள்

'மெட்ராஸ் ஐ' என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய கண்நோய்க்குப் பெரும்பாலும் அடினோ வைரஸ்தான் காரணம். 1918-ல் இங்கே கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்றிரண்டு வாரத்தில் அதுவாகவே சரியாகிவிடும். சுத்தமான துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்துப் பீளையைத் துடைப்பது போதும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், இளநீர், பன்னீர் என்று எதை விட்டாலும் அதோடு வேறு கிருமியும் உள்ளே போகும், கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து. கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டாம். கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ கண் டாக்டரைப் பாருங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இந்த ஊரில் இருக்கிறது.

அம்மையும் காமாலையும்

அம்மை போட்டால் நிலையில் வேப்பிலை செருகி, ஆளைத் தனியறையில் படுக்கவைக்கிறோம். பிறருக்குப் பரவாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. இளநீர், மோர், குளிர்ந்த சாப்பாடு, அரிப்புக்கு வேப்பிலையால் மெல்லத் தடவுவது, எதுவும் கெடுதல் இல்லை. "அம்மா வந்திருக்கா, மருந்து கொடுக்கக் கூடாது" என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பதுதான் பிரச்சனை. சின்னம்மைக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது நன்றாக வேலை செய்யும். குழந்தைகள் பெரும்பாலும் தாங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும். பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் அம்மன் கோபப்படுவாள் என்று நான் நம்பவில்லை. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் அது பாதிக்கக்கூடும்.

காமாலைக்குக் கீழாநெல்லி என்பதில் சென்னைக்கு ஒரு தனிக் கதை உண்டு. கீழாநெல்லி வகைச் செடி ஒன்றை, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று உடம்பிலேயே தங்கிவிட்டவர்களுக்குக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்து வருகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. அது சில வாரங்களில் தானாகவே தணியும், பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். எந்த வகைக் காமாலை என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் இலையை அரைத்துக் குடிப்பதுதான் தவறு. பித்தக்குழாய் அடைப்பாலும் காமாலை வரும், காசநோய் மாத்திரையாலும் வரும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தானது. பேச்சில் குழப்பம், அளவு மீறிய தூக்கம், ரத்தக் கசிவு தெரிந்தால் பத்தியத்தைத் தூக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லதா?

மஞ்சளில் உள்ள குர்குமின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரின் அதைச் சுமார் 20 மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரில் நடந்து 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் தனிக் குர்குமின். நாம் பாலில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளில் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. சரி, அதற்காக மாத்திரையாக வாங்கி விழுங்கலாமே என்றால், அப்படி விழுங்கிச் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தை நாள்முழுக்க வாயில் அடக்குபவர்கள் கவனிக்க வேண்டும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிபி, இதயம், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டையும் இஞ்சியையும் குழம்பு அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும், உருண்டை உருண்டையாக விழுங்க வேண்டாம்.

வைரஸால் வரும் வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குழந்தை ஒரு டம்ளர்தானே குடிக்கும் என்று பாதிப் பொடியை டம்ளரில் போட்டால் உப்பு மிகுந்து ஆபத்தாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. வயிற்றைக் காயப்போடாதீர்கள், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், போட்ட மாத்திரை, குடித்த கஷாயம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். திட்டுவாரோ என்று கஷாயத்தை மட்டும் மறைப்பவர்கள் நிறைய. டெங்குவுக்கு என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நன்றாகக் காட்டும், அதனால் தேதி முக்கியம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணம் கட்டாமலே காய்ச்சலுக்குக் காட்டலாம். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம், நிலைமை மோசமென்றால் 108.