தலைக்காயத்துக்குப் பிறகு நித்திரைக் குளிசை: எது, எவ்வளவு, எந்த நேரத்தில்

தலையில் அடிபட்டு வீடு வந்தவருக்கு நித்திரை வரவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் நடப்பது யாரோ ஒருவருடைய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதுதான். அம்மம்மாவின் டயசிபாம், பக்கத்து வீட்டு அல்பிரசோலம், அதுவும் இல்லையென்றால் தடிமனுக்கு வாங்கி வைத்த பிரிட்டோன். காயப்பட்ட மூளையில் இவை ஆளை மயக்கிக் கிடத்தும். விடிந்ததும் மறதியும் தடுமாற்றமும் கூடியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் காயத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நித்திரை வராமல் கிடப்பது வேறு, எழுப்பினாலும் எழும்பாமல் கிடப்பது வேறு. தலையிடி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் குளிசையைத் தேடாமல் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கள். வயதானவர்களுக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின், குளோபிடோகிறல் குடிப்பவர்களுக்கும் மூளைக்கு வெளியே மெதுவாகக் கசியும் இரத்தம் வாரங்கள் கழித்துக்கூடத் தன்னைக் காட்டும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், ஒரு கொப்பியும் பேனையும் போதும். இரண்டு வாரம் எழுதுங்கள்: படுத்த நேரம், உத்தேசமாகக் கண்ணயர்ந்த நேரம், சாமத்தில் எத்தனை தரம் எழும்பினார், காலையில் எழும்பிய நேரம், பகல் நித்திரை, கடைசித் தேத்தண்ணி, குடித்த மருந்துகளும் நேரமும். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். “நித்திரையே இல்லை டொக்டர்” என்பதைவிட இந்த இரண்டு பக்கம் அதிகம் சொல்லும். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்பதையும் ஓர் இரவு விழித்திருந்து கவனியுங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு மூச்சுத்தடை நித்திரைக் கோளாறு பலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு மயக்கும் குளிசை கொடுத்தால் மூச்சு இன்னும் மோசமாகும்.

பல நேரங்களில் காரணம் மருந்துப் பைக்குள்ளேயே இருக்கும். விழிப்புக்காகத் தரும் அமன்ரடினின் இரண்டாவது வேளையை மதியம் 12 மணியோடு முடிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு கொடுத்தால் விடிய விடிய விழிப்புத்தான். மனச்சோர்வுக்குத் தரும் புளுவொக்ஸற்றினும் பொதுவாகக் காலை மருந்து. வலிப்புக்குத் தரும் லெவெற்றிறசிற்றம் சிலரை எரிச்சல்காரராக்கி நித்திரையையும் கெடுக்கும், ஆனால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், பிளேன்டீயும் சேர்த்துத்தான். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும்.

காலை வெளிச்சத்தை மருந்துபோலக் கொடுங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் 6 மணியளவில் விடிந்துவிடும். 6.30 போல் அரை மணித்தியாலம் பல்கனியிலோ முற்றத்திலோ இருத்துங்கள். கண் கூசுபவரை நிழலில் இருத்தலாம். வெளி நிழலிலும் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்ச அளவு) இருக்கும், டியூப்லைட் அறையில் சில நூறுதான். பகல் நித்திரையை முற்றாகத் தடுக்காதீர்கள், காயத்தின் களைப்பு உண்மையானது. 3 மணிக்கு முன், 30 நிமிடம், அலாம் வைத்து. நித்திரையின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் கட்டிலில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் வலிப்பு வந்தவருக்கு நித்திரைக் குறைவே வலிப்பைத் தூண்டும், ஆகவே வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

இதற்கும் சரிவராவிட்டால் குளிசை. முதலில் கேட்கவேண்டியது மெலட்டோனின், உடம்பு இரவில் தானாகச் சுரக்கும் நித்திரை ஹோர்மோன். 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், தலைக்காயப்பட்டவர்கள் மெதுவாகக் கரையும் 2 மி.கி. குளிசையை நான்கு வாரம் குடித்தபோது நித்திரையின் தரம் கூடியது. கண்ணயர எடுத்த நேரம் பெரிதாக மாறவில்லை. எனவே முதல் நாளே அடித்துப்போட்டதுபோல் நித்திரை வருமென்று எதிர்பார்க்காதீர்கள். படுக்க ஒன்று இரண்டு மணித்தியாலம் முன், சாப்பிட்ட பிறகு, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில். உடைக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் மெதுவாகக் கரையும் வேலை கெட்டுவிடும்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் போத்தல்களில் ஒரு சிக்கல். அங்கே வாங்கிய 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, லேபிளில் இருந்ததைவிட 83 வீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 வீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. 10 மி.கி. என்று போட்டிருக்கும் கம்மி மிட்டாயை நம்பி அளவு பார்க்க முடியாது. மனச்சோர்வு மருந்தான புளுவொக்சமினும் கிருமிக்கொல்லியான சிப்புரோபுளொக்சசினும் உடம்பில் மெலட்டோனின் அளவை ஏற்றிவிடும், அவற்றைக் குடிப்பவரானால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த படியாகச் சில வைத்தியர்கள் டிறாசடோன் 25 அல்லது 50 மி.கி. எழுதுவார்கள். சாமத்தில் கழிவறைக்கு எழும்பும்போது குருதி அமுக்கம் இறங்கித் தலைசுற்றும். ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் இருந்து, பிறகு நடக்கட்டும். ஆண்களுக்கு வலியோடு நீண்ட ஆண்குறி விறைப்பு வந்தால் நான்கு மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை. தலையிடியும் சேர்ந்திருந்தால் அமிற்றிப்ரிலின் 10 மி.கி. வரும், வாய் காயும், மலச்சிக்கல் வரும், வலிப்பு வரலாறு இருந்தால் நினைவூட்டுங்கள். சொல்பிடெம் என்ற நித்திரைக் குளிசையைக் குடித்துவிட்டு நித்திரையிலேயே எழும்பி நடந்து சமைத்தவர்கள் உண்டு, ஏற்கெனவே தடுமாறும் ஆளுக்கு அது வேண்டாம்.

பாட்டிமாரின் சாதிக்காய்ப் பால் ஒரு சிட்டிகையோடு நின்றால் கேடில்லை. முழுக்காயை அரைத்துப் போட்டால் நெஞ்சு படபடப்பும் பிதற்றலும் வரும். 5 கிராமளவிலேயே நஞ்சாகும், நடுத்தரக் காய் ஒன்றின் நிறையே அவ்வளவு இருக்கும். நித்திரைக் குளிசையோடு சாராயம் ஒரு மிடறும் கூடாது.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது. வைத்தியர் மருந்துத் துண்டு எழுதும்போதே எப்போது நிறுத்துவது என்று கேட்டுக் கொப்பியில் திகதி போடுங்கள். டயசிபாம் வகை ஏற்கெனவே வாரக்கணக்கில் ஓடுகிறதென்றால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார்.

குளிசை அவருடைய தலைமாட்டில் இருக்கக்கூடாது. குடித்ததை மறந்து இன்னொன்று குடிப்பது இந்தக் காயத்தில் சாதாரணம். ஏழு அறைப் பெட்டியில் வாரத்துக்குப் பிரித்து அலுமாரியில் பூட்டி, அன்றைய ஒன்றை மட்டும் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்து, கொப்பியில் நேரத்தை எழுதுங்கள்.