ஸ்ட்ராஃப்ளவர் செடியைத் தொட்டி மாற்றுவது எப்போது, எப்படி?

தொட்டால் சரசரக்கும் பூ என்பதால் இதைக் காகிதப்பூ என்று அழைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் போகன்வில்லாவே நினைவுக்கு வரும் என்பதால், ஸ்ட்ராஃப்ளவர் என்றே இங்கு எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸீரோகிரைசம் பிராக்டியேட்டம் என்பது இதன் இன்றைய தாவரவியல் பெயர். ஹெலிகிரைசம் என்ற பழைய பெயரிலும் விதைகளும் கன்றுகளும் விற்கப்படுகின்றன. இரண்டும் ஒரே செடிதான்.

தொட்டி மாற்றும் முன் இதன் ஆயுளைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. பல வகைகள் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். நிலைத்து வளரும் வகைகளும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு மரம்போல் இறுகிப்போய்ப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். எனவே ஆண்டுதோறும் தொட்டி மாற்றிப் பத்து ஆண்டுகள் காக்கும் செடி இதுவன்று. நர்சரித் தொட்டியிலிருந்து ஒருமுறை, செடி நன்கு வளர்ந்து வேர் நிறைந்தபின் வேண்டுமானால் இன்னொரு முறை என்ற அளவே பெரும்பாலும் போதும். அந்த ஓரிரு முறையைச் சரியான நேரத்தில் செய்வதில்தான் கவனம் தேவை.

நேரத்தை வேரே சொல்லும்

நாட்காட்டியைப் பார்ப்பதைவிடத் தொட்டியின் அடியைப் பார்ப்பது மேல். வடிகால் துளைகளின் வழியே வெள்ளை வேர்கள் எட்டிப் பார்ப்பதும், காலையில் நிறைய நீர் ஊற்றியும் மாலைக்குள் இலைகள் துவள்வதும், ஊற்றிய நீர் மண்ணில் ஊறாமல் தொட்டியின் ஓரமாக வழிந்து உடனே வெளியேறுவதும் வேருக்கு இடம் போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். ஐயமிருந்தால், செடியின் அடித்தண்டை இரு விரல்களுக்கிடையே தாங்கிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்து, மண்கட்டியை மெல்ல வெளியே எடுத்துப் பார்க்கலாம். மண் உதிராமல் தொட்டியின் வடிவத்திலேயே வந்து, அதன் வெளிப்புறத்தில் வேர்கள் வலைபோலப் படர்ந்திருந்தால் மாற்றலாம். கட்டி பாதியில் உடைந்து உதிர்ந்தால் செடி இன்னும் ஆயத்தமாகவில்லை. அப்படியே உள்ளே வைத்து, மேலும் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை, கடுங்குளிர் நீங்கிப் புதுத் துளிர்கள் விடத் தொடங்கும் காலமே மிகச் சிறந்தது. அப்போது வெட்டுப்பட்ட வேரும் விரைவில் புதிதாக முளைத்துவிடும். உச்சக் கோடையிலும், நாள் முழுவதும் ஈரம் நிற்கும் அடைமழையிலும், செடி பூத்துக் குலுங்கும்போதும் மாற்றாமல் இருப்பது நல்லது. பூத்த செடியைத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம் என்பதால் இந்தக் கடைசி விதியை முழுமையாகக் கடைப்பிடிக்க முடிவதில்லை. வேர் நெருக்கம் மிகுந்த செடியாக இருந்தால் பூக்களையும் திறக்கவிருக்கும் மொட்டுகளையும் கொய்துவிட்டு மாற்றலாம். அவை வீணாகப் போவதும் இல்லை. முழுதாக விரியுமுன் கொய்து, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால், காயும்போதே ஓரளவு விரிந்து பல மாதங்களுக்கு நிறம் மாறாமல் இருக்கும்.

தொட்டியும் மண்ணும்

பெரிய தொட்டியில் வைத்துவிட்டால் மறுபடி மாற்ற வேண்டாமே என்ற எண்ணம் இச்செடிக்குக் கேடாக முடியும். 10 செ.மீ. விட்டமுள்ள தொட்டியிலிருந்து அதே வடிவிலான 20 செ.மீ. தொட்டிக்கு மாற்றினால், விட்டம் இரட்டிப்பானாலும் மண்ணின் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. வேர் எட்டாத அவ்வளவு மண்ணும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, குடிப்பார் இன்றி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வேரழுகல் அங்கேதான் தொடங்கும். நானும் ஒருமுறை சோம்பல்பட்டுச் சின்னஞ்சிறு கன்றொன்றைப் பெரிய தொட்டியில் நட்டேன். மேல்மண் காய்ந்து தெரிந்ததால் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் அடித்தண்டு கறுத்து, இழுத்த கையோடு வந்துவிட்டது. பழைய தொட்டியைவிட 4 முதல் 5 செ.மீ. அகலமானதே போதும். சுடுமண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறும் என்பதால் நீர் அதிகம் ஊற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு அது நல்ல துணை. பிளாஸ்டிக் தொட்டியும் கூடாததன்று. துளைகள் மட்டும் தாராளமாக இருக்க வேண்டும்.

அடியில் ஓட்டாஞ்சில்லோ கூழாங்கல்லோ பரப்பினால் வடிகால் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது; மண் நன்கு நனைந்து நிறைந்த பின்னரே சொட்டும். ஆகவே, தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளை வழியே மண் சிந்தாமலிருக்கச் சிறு வலைத்துண்டு ஒன்றைப் போட்டால் போதுமானது.

கலவைக்கு, உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த, எடை குறைந்த வெண்மணிகள்) ஒரு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நனைத்த கலவையைக் கையில் பிடித்து விரித்தால், ஒரு விரல் பட்டதும் உதிர வேண்டும். களிபோல ஒட்டிக்கொண்டால் இன்னும் மணல் சேர்க்க வேண்டும். சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணை, அதாவது கார அமிலநிலை (pH) 5.5 முதல் 6.5 வரை உள்ளதை, இச்செடி விரும்பும். அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது; இளந்தளிர்கள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். ஆகையால் இக்கலவையில் சுண்ணாம்பையும் சாம்பலையும் சேர்க்கக் கூடாது.

மாற்றும் முறை

மாற்றுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே பழைய தொட்டிக்கு நன்றாக நீர் ஊற்றிவிட வேண்டும். ஈரமான மண்கட்டி உடையாமல் வரும், வேரும் வாட்டத்தோடு புது மண்ணுக்குள் போகாது. வெயில் தாழ்ந்த மாலை வேளை இதற்கு ஏற்றது. தொட்டியைப் பக்கங்களில் தட்டிக் கவிழ்த்து, முன் சொன்னபடி அடித்தண்டைத் தாங்கி எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுப்பது கூடாது. வெளியே வராவிட்டால் நெகிழித் தொட்டியை வெட்டிவிடுவதே மேல். செடியைவிடத் தொட்டி பெரிதன்று. சில கன்றுகளின் வேர்க்கட்டிக்கு நடுவே மெல்லிய வலைத்துணி ஒன்று சுற்றப்பட்டிருக்கும். எளிதில் கிழிபட்டால் மட்டும் நீக்கலாம், வேர்கள் ஊடுருவியிருந்தால் விட்டுவிடலாம்.

வேர்களைக் கழுவி, பிரித்து, சிக்கெடுத்து நடும் பழக்கம் வேறு செடிகளுக்குப் பொருந்தலாம். ஸ்ட்ராஃப்ளவரின் மெல்லிய வேர்கள் அதைத் தாங்குவதில்லை. அடியில் வட்டமாகச் சுருண்டிருக்கும் வேர்களை விரல்நுனியால் சற்றே தளர்த்தி விட்டால் போதும். அழுகி நிறம் மாறிய வேர் இருந்தால் தூய்மையான கத்தரிக்கோலால் அதை மட்டும் நறுக்கிவிட வேண்டும்.

புதுத் தொட்டியில் கொஞ்சம் கலவையை இட்டு, மண்கட்டியின் மேற்பரப்பு தொட்டி விளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருக்குமாறு உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். செடி முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்திலேயே இருக்க வேண்டும். அடித்தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அந்த இடமே முதலில் அழுகும். சுற்றிலும் கலவையை நிரப்பித் தொட்டியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டினால் மண் தானாகப் படியும். கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினால் காற்றுப் போகும் இடைவெளிகள் அடைபட்டுவிடும். நுனிக் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தால் வேரின் சுமை குறைவதோடு, பக்கக் கிளைகள் விட்டுச் செடி அடர்ந்தும் வளரும். பிறகு, அடித்துளையிலிருந்து நீர் வழியும்வரை ஒருமுறை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும்.

அதன்பிறகான வாரங்கள்

நான்கைந்து நாட்கள் வெளிச்சமான நிழலில் வைத்து, பின்னர் காலை வெயில், அதன்பின் முழு வெயில் என்று பழக்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கிடைக்காவிட்டால் தண்டு நீண்டு மெலிந்து, பூவும் குறைந்துவிடும். நீர் ஊற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மண்கட்டி பெரும்பாலும் வெறும் நார்க்கழிவாக இருக்கும். அது ஒருமுறை நன்கு காய்ந்துவிட்டால் சுருங்கி, ஊற்றும் நீர் உள்ளே ஊறாமல் ஓரமாக வழிந்துவிடக்கூடும். சுற்றியுள்ள புது மண் ஈரமாக இருக்கும்போதே நடுவில் வேர் காய்ந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு விரலைப் பழைய கட்டியில் நுழைத்துப் பார்த்து, ஓர் அங்குல ஆழம் காய்ந்திருந்தால், அக்கட்டியின் மேல் மெதுவாக ஊறும்படி ஊற்ற வேண்டும். வேர் பரவியபின் தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டே முடிவுசெய்யலாம்.

பூவைப் பார்த்து முடிவுசெய்வது தவறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதழ்கள் என்று நாம் நினைப்பவை உண்மையில் உயிரற்று உலர்ந்த பூவடிச் செதில்கள். காற்றில் ஈரம் மிகும்போதும் இரவிலும் அவை உள்நோக்கி மூடிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த பூவை நீரில் போட்டாலும் சற்று நேரத்தில் அப்படியே மூடிக்கொள்வதைக் காணலாம். தொட்டி மாற்றிய மறுநாள் காலையில் பூக்கள் மூடியிருப்பதைக் கண்டு செடி வாடிவிட்டதென்று பதறி நீரை ஊற்றுபவர்கள் பலர். அதேபோல், செடி நீரின்றித் தவிக்கும்போதும் பூ பளிச்சென்று விரிந்தே இருக்கும். தாகத்தை நுனி இலைகளே காட்டும்.

உரத்தை மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு, புதுத் துளிர் கண்டபின், பொட்டலத்தில் சொல்லியிருப்பதில் பாதிச் செறிவில் தொடங்கலாம். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்குமே தவிரப் பூ வராது.

அடித்தண்டு முழுவதும் மரம்போல் இறுகி, கீழ்ப்பகுதி இலையற்றுப்போன முதிய செடியைப் புதுத் தொட்டிக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூ இல்லாத இளங்கிளை நுனிகளை 7 முதல் 10 செ.மீ. நீளத்தில் நறுக்கி, கீழிலைகளை நீக்கி, ஈரமான மணல் கலந்த கலவையில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். விதையாலும் வளர்க்கலாம், முளைக்க ஒளி வேண்டும் என்பதால் விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவினால் போதும். ஆனால் கலப்பினச் செடியின் விதையிலிருந்து தாய்ச்செடியின் அதே நிறம் வரும் என்று எதிர்பார்க்க இயலாது. அந்த நிறமே வேண்டுமென்றால் கிளையை ஊன்றுவதுதான் வழி.