குரோஷே பூங்கொத்து: பூ பாதி வேலை, தண்டு மீதி வேலை

குரோஷேயில் ஒரு ரோஜா பின்னக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அந்த ரோஜாவைக் கம்பியில் ஏற்றிக் கொத்தாகக் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்கும். தலை தொங்கும், பூ தண்டிலேயே சுழலும், கம்பி முனை இதழைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டும். அதனால் இங்கே பின்னல் கணக்கைச் சுருக்கமாகவும், பூவும் தண்டும் சேரும் இடத்தைச் சற்று விரிவாகவும் பார்ப்போம். செயின், சிங்கிள், டபுள் போடத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதில் வரும் ஸ்டிச் பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறைப்படி. பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பது அமெரிக்க சிங்கிள். பிரிட்டிஷ் டிரெபிள் என்பது அமெரிக்க டபுள். இரண்டையும் கலந்துவிட்டால் இதழின் உயரமே மாறிப்போகும்.

நூல், ஊசி, கம்பி

டிகே கனத்தில் (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லியது) காட்டன் நூல், அல்லது காட்டனும் அக்ரிலிக்கும் கலந்த மில்க் காட்டன். முழு அக்ரிலிக் நூலிலும் பின்னலாம். ஆனால் பிசிறு எழும், இதழ் விளிம்பு கூர்மையாக வராது. நூல் உறையில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் 3 மி.மீ. எடுங்கள். சட்டைக்குத் துணி தொங்க வேண்டும், பூவுக்கு விறைத்து நிற்க வேண்டும். தளர்வாகப் பின்னினால் உள்ளே இருக்கும் பஞ்சும் கம்பியும் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு ரோஜாவுக்குச் சுமார் 10 முதல் 12 மீட்டர் நூல் ஆகும். 30 செ.மீ. தண்டைச் சுற்ற இன்னும் 2 மீட்டருக்குக் குறையாது. ஐந்து ரோஜா, மூன்று டியூலிப், நான்கு டெய்சி, ஐந்து லாவெண்டர், எட்டு இலை கொண்ட ஒரு கொத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் 50 கிராம் கண்டு ஒன்று தாராளம். பச்சைதான் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீரும். அதை மட்டும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரே சாயத் தொகுதி எண் பார்த்து.

தண்டுக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. இரும்புக் கம்பி, அல்லது 2 மி.மீ. அலுமினியக் கம்பி. அலுமினியம் எளிதில் வளையும், துருப்பிடிக்காது. ஆனால் கனமான ரோஜாத் தலையை மெல்லிய அலுமினியம் தாங்காது. இலைக்கு 0.5 மி.மீ. கம்பி போதும். இவற்றோடு பச்சை ஃப்ளோரல் டேப், மூக்குக் குறடு, மழுங்கிய முனையுள்ள பெரிய தையல் ஊசி, கொஞ்சம் பாலியஸ்டர் பஞ்சு, துணி ஒட்டும் பசை ஆகியவையும் வேண்டும்.

ரோஜா

ஒரு நீளப் பட்டையைப் பின்னிச் சுருட்டுவதுதான் முறை. 51 செயின் போடுங்கள். ஊசியிலிருந்து 6ஆவது செயினில் ஒரு டபுள், ஒரு செயின், மீண்டும் அதே இடத்தில் ஒரு டபுள்: இது ஒரு வி ஸ்டிச். இரண்டு செயின் விட்டு அடுத்ததில் இன்னொரு வி. கடைசிச் செயின் வரை போனால் 16 வி வரும். 15 வந்தால் எங்கோ மூன்று செயின் தாண்டியிருக்கிறீர்கள், பிரித்துவிடுங்கள்.

திருப்பி, ஒரு செயின் போட்டு இரண்டாம் வரிசை. ஒவ்வொரு வி-யின் நடுத் துளையிலும் ஒரு ஷெல், அதாவது ஒரே துளையில் விசிறி போலப் பல ஸ்டிச். இரண்டு வி-க்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு சிங்கிள். முதல் 4 ஷெல்லுக்கு 5 ஹாஃப் டபுள், அடுத்த 6 ஷெல்லுக்கு 7 டபுள், கடைசி 6 ஷெல்லுக்கு 9 டபுள். சிறியவை மொட்டின் உட்புறமாகும், பெரியவை வெளி இதழாகும். எல்லா ஷெல்லையும் ஒரே அளவில் போட்டால் நடுவில் மொட்டே தெரியாது, முட்டைக்கோஸ்தான் கிடைக்கும். முடிவில் 30 செ.மீ. நூல் விட்டு வெட்டுங்கள். தைக்க அது முழுவதும் தேவைப்படும்.

சுருட்டுவதற்கு முன் கம்பி. தண்டுக் கம்பியின் ஒரு முனையைக் குறடால் மடக்கி 1 செ.மீ. நீள வளையமாக்குங்கள். அந்த வளையத்தைச் சிறிய ஷெல் பக்கத்து முதல் வி-க்குள் நுழைத்து, குறடால் இறுக்கி மூடுங்கள். பிறகு பட்டையை வளையத்தைச் சுற்றிச் சுருட்டுங்கள். செயின் விளிம்பு எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அது ஏறி இறங்கினால் பூவின் அடி கூம்பாகிவிடும், புல்லி (பூவின் அடியில் வரும் பச்சை மூடி) ஒட்டாது. முதல் இரண்டு சுற்று இறுக்கம், பிறகு கை விட்டுத் தளர்வு. எந்தப் பக்கம் வெளியே இருந்தால் இதழ்கள் வெளிப்புறம் விழுகின்றன என்று தைப்பதற்கு முன்பே இரு பக்கமும் சுருட்டிப் பார்த்துவிடுங்கள்.

தைக்கும்போது ஊசி அடிப்பகுதியின் குறுக்கே ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வர வேண்டும். எல்லா அடுக்கும் அகப்பட வேண்டும். குறைந்தது மூன்று முறையாவது நூல் கம்பி வளையத்துக்குள் போக வேண்டும். பூ சுழல்வதும் கழன்று வருவதும் இந்த மூன்று தையலைத் தவிர்ப்பதால்தான். நேர்க் கம்பியைப் பசையில் தோய்த்துச் செருகினால் அன்றைக்கு நிற்கும். யாராவது ஒரு முறை பூவைத் திருகிப் பார்த்தால் பசை விட்டுவிடும்.

புல்லி

பச்சை நூலில் மேஜிக் ரிங் (வாலை இழுத்தால் இறுகும் நூல் வளையம்), அதில் 5 சிங்கிள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் 10. மூன்றாம் சுற்று: 4 செயின், ஊசியிலிருந்து 2ஆவது செயினில் சிங்கிள், அடுத்ததில் ஹாஃப் டபுள், அடுத்ததில் டபுள், கீழே ஒரு ஸ்டிச் விட்டு அடுத்ததில் ஸ்லிப் ஸ்டிச். இப்படி ஐந்து முறை போட்டால் ஐந்து முனை. ரிங்கை முழுவதும் இறுக்காதீர்கள். கம்பி நுழைய வழி வேண்டும்.

இதைக் கம்பியின் கீழ் முனையிலிருந்து மேலே ஏற்றிப் பூவின் அடியில் பொருத்தி, ஐந்து முனையையும் ஒவ்வொரு தையலால் பிடியுங்கள். பிறகு ரிங்கின் வால் நூலை இழுத்து இறுக்கிக் கம்பியைச் சுற்றி முடிச்சிடுங்கள். இதையெல்லாம் தண்டில் நூல் சுற்றுவதற்கு முன் செய்துவிட வேண்டும். சுற்றிய தண்டின் தடிமனுக்குள் புல்லி ஏறாது.

மற்ற பூக்களும் இலையும்

டியூலிப்: மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள், அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது ஒன்று விட்டு ஒன்றில் கூட்டி 18. பிறகு கூட்டாமல் ஆறு சுற்று. வளையமிட்ட கம்பியை உள்ளிருந்து ரிங் வழியே கீழே இறக்கி, வால் நூலை இறுக்குங்கள். பஞ்சு முக்கால் பங்கு மட்டும், அதிகமானால் முட்டையாகிவிடும். வாயின் 1, 7, 13ஆவது ஸ்டிச்சுகளை நடுவே ஒன்றாக இழுத்துத் தைத்தால் மூன்று மடிப்பாக மூடிக்கொள்ளும்.

டெய்சி: மஞ்சளில் 6, பிறகு 12 சிங்கிள். வெள்ளை நூலை இணைத்து 6 செயின். ஊசியிலிருந்து 2ஆவது செயினில் தொடங்கி ஒரு சிங்கிள், மூன்று ஹாஃப் டபுள், ஒரு சிங்கிள். நடுவட்டத்தின் அடுத்த ஸ்டிச்சில் ஸ்லிப் ஸ்டிச். இப்படி 12 இதழ். தட்டையான பூ என்பதால் கம்பி முனையைச் சுருள் போலத் தட்டையாகச் சுற்றி, தண்டுக்குச் செங்குத்தாக மடக்கி, பூவின் பின்புறம் வைத்துத் தைக்க வேண்டும். மேலே புல்லி மூடிவிடும்.

லாவெண்டருக்கு 25 செயின். இரண்டாவது செயினிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள், மூன்று செயின், அதே சிங்கிளின் தலையில் ஸ்லிப் ஸ்டிச். இந்தப் பட்டையைக் கம்பியின் மேல் 7 செ.மீ. அளவுக்குச் சுருளாகச் சுற்றி இரு முனையும் தைத்தால் முடிந்தது.

இலை: 12 செயின். இரண்டாவதிலிருந்து சிங்கிள் 1, ஹாஃப் டபுள் 1, டபுள் 2, டிரெபிள் 3, டபுள் 2, ஹாஃப் டபுள் 1, சிங்கிள் 1. இரண்டு செயின் போட்டு, செயினின் மறுபக்கத்தில் அதே வரிசையை மீண்டும் போடுங்கள். மெல்லிய கம்பியை விளிம்போடு வைத்து, அதை உள்ளடக்கிச் சுற்றிலும் சிங்கிள் போட்டால் இலை நினைத்தபடி வளையும். அடியில் கம்பி வால் 5 செ.மீ. நிற்கட்டும்.

தண்டு சுற்றுவது

முதலில் ஃப்ளோரல் டேப். இதை இழுத்துச் சுற்ற வேண்டும். இழுத்தால்தான் அதிலுள்ள மெழுகு வெளிவந்து ஒட்டும். இழுக்காமல் சுற்றிவிட்டு டேப் மோசம் என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. டேப்பின் பிசுபிசுப்பு மேலே வரும் நூலையும் வழுக்காமல் பிடிக்கும். வெறும் கம்பியில் நூல் சுற்றினால் இரண்டு நாளில் சுற்றுகள் கீழே சரிந்து, புல்லிக்கு அடியில் பளபளவெனக் கம்பி தெரியும்.

நூலைப் புல்லியின் அடியில் தொடங்கி, சுற்றோடு சுற்று ஒட்ட, கீழ்நோக்கி வாருங்கள். 8 செ.மீ. வந்ததும் இலையின் கம்பி வாலைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேலேயே சுற்றிச் செல்லுங்கள். கீழ் முனையை 5 மி.மீ. மடக்கி, பசை ஒரு துளி வைத்து முடியுங்கள். மடக்காத முனை கையைக் கிழிக்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானதுதான். ஆனால் அது விடும் மெல்லிய இழைகள் காட்டனில் சிக்கினால் எடுப்பது கஷ்டம். அதைப் புல்லிக்கு அடியில் மறையும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

கொத்தாகக் கட்டுவது

உயரமான ரோஜா ஒன்றை நடுவே பிடித்து, ஒவ்வொரு தண்டையும் ஒரே திசையில் சாய்த்து முந்தையதன் மேல் குறுக்காக வையுங்கள். திசை மாறினால் தண்டுகள் பின்னிக்கொண்டு கொத்து ஒரு பக்கம் சாயும். பூக்கள் ஒன்றுக்கொன்று 2 முதல் 3 செ.மீ. உயர வித்தியாசத்தில் இருக்கட்டும். லாவெண்டரைக் கடைசியில் இடைவெளிகளில் செருகுங்கள். கை பிடிக்கும் இடத்தில் டேப் போட்டு இறுக்கியபின் ரிப்பன் கட்டலாம். தண்டு நீளத்தைக் கட்டிய பிறகு சமப்படுத்த முடியாது, நூல் சுற்று பிரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கம்பியையும் சுற்றும் முன்பே அதன் இடத்துக்கு ஏற்ற நீளத்தில் வெட்டிவிடுங்கள்.

இதழ் துவண்டால் ஒரு பங்கு வெள்ளைப் பசையை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து, இதழின் பின்புறம் தூரிகையால் தடவிக் காயவிடுங்கள். சர்க்கரைப் பாகு தடவும் பழைய வழியும் உண்டு; எறும்புக்கு விருந்து. அக்ரிலிக் இதழில் இஸ்திரிப் பெட்டியைப் படவைக்காதீர்கள், உருகித் தட்டையாகும். இரும்புக் கம்பி போட்டிருந்தால் கொத்தைத் துவைக்கவும் வேண்டாம், துருக்கறை நூலில் ஏறும். தூசிக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். சன்னலோர வெயிலில் அடர் சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். அங்கே வைத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளை, வெளிர் மஞ்சளில் பின்னுங்கள்.