கரணைக்கிழங்கு அரிக்காமல் இருக்க

கரணையைக் கழுவாமல், காய்ந்தபடியே தோல் சீவுங்கள். அதற்கு முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளைப் பழப்புளி கரைத்த தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கறிக்கு எடுங்கள். கிழங்கிலுள்ள கல்சியம் ஒக்சலேட் ஊசிகள்தான் தோலிலும் தொண்டையிலும் குத்தி அரிப்பைத் தருகின்றன. ஈரக்கையில் கிழங்கின் சாறு எளிதில் பரவும், எண்ணெய் தடுக்கும். புளிப்பும் நீண்ட வேக்காடும் அரிப்பைத் தணிக்கும். அரைவேக்காடு என்றால் எவ்வளவு புளி விட்டாலும் தொண்டை கரகரக்கும்.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் காட்டில் தோண்டும் கசப்பான காட்டுவள்ளிக் கிழங்குக்கு இந்த முறை சரிவராது. அதிலிருப்பது நஞ்சு, புளி அதை எடுக்காது. பதப்படுத்தத் தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் தயவுசெய்து அடுப்பில் ஏற்றவே வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கரணையையும் தவிர்ப்பது நல்லது.